பொது வீடு: ஓர் ஆங்கிலக் கிராமத்து மதுச்சாலையின் கட்டடக் கதை

இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும் இரண்டு கட்டடங்கள் கண்ணிற் படாமற் போகா. ஒன்று தேவாலயம். மற்றையது 'பப்' என்று அழைக்கப்படும் மதுச்சாலை. தேவாலயத்தினுள்ளே எம்மவர் பலர் சென்று பார்த்திருக்கிறார்கள். பப்பையோ தெருவின் மறுகரையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. குடியினாற் சீரழிந்த குடும்பங்களை ஊரிலும் கண்டோம். வந்து சேர்ந்த இடத்திலும் காண்கிறோம். மது விற்கும் இடம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கள்ளுத் தவறணையின் கிடுகுக் கொட்டிலும் அதன் முன்னால் நடக்கும் சச்சரவுமே. 'தவறணை' என்ற சொல்லே ஐரோப்பியரின் 'தவேர்னா'விலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்த சொல் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இக்கட்டுரை குடியைப் பற்றியதன்று, கட்டடத்தைப் பற்றியது. அறுநூறு வருடங்களுக்கு முன்னர் ஆங்கிலக் கமக்காரர் எப்படி வீடு கட்டி வாழ்ந்தார்கள் என்பதை அறிய விரும்புபவர் அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் அதைக் காண முடியாது. கிராமத்துப் பப்பிற் காணலாம். ஏனெனில் இவற்றுட் பல, வீடுகளாகவே கட்டப்பட்டு, பிற்காலத்தில் மதுச்சாலைகளாக மாறியவை. 'பப்' என்பதன் முழுப் பெயரான 'பப்ளிக் ஹவுஸ்' என்பதற்கும் பொது வீடு என்பதே பொருள். அந்த வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன, எப்படி மாறின, நெருப்பிலிருந்தும் புல்டோசரிலிருந்தும் எப்படித் தப்பின என்பவை, வீடுகளை இழந்துவிட்டு வந்திருக்கும் எமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள்.

ஒரு கமக்காரனின் வீடு

வூஸ்ரர்ஷயர் மாவட்டத்தில் ஈவ்ஷாம் என்னும் சிறு நகருக்கு அருகே பிரெற்போர்ட்டன் என்று ஒரு கிராமம் உண்டு. அதன் நடுவே, சிறிய சதுக்கத்தின் ஓரத்தில், கறுப்பு மரச்சட்டங்களும் வெள்ளைச் சுவர்களுமாக நிற்கின்றது 'ஃபிளீஸ் இன்'. ஃபிளீஸ் என்றால் செம்மறியாட்டிலிருந்து கத்தரித்தெடுக்கும் கம்பளி உரோமம். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் செல்வமெல்லாம் கம்பளியிலேயே தங்கியிருந்ததால் ஆட்டின் பெயரையும் உரோமத்தின் பெயரையும் கொண்ட பப்புகளை நாடெங்கும் காணலாம்.

15 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இது ஒரு கமக்காரனின் வீடாகக் கட்டப்பட்டது. 'நீள் வீடு' எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரு புறம் குடும்பம், மறுபுறம் ஆடுமாடுகள். குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடும் வீட்டுக்கு உதவியது. மாட்டுக் கொட்டிலை வளவின் மூலையில் வைத்துக் கட்டிப் பழகிய எமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வெயிலிலிருந்து தப்புவதற்கு நாம் விறாந்தையும் நாற்சார் முற்றமும் வைத்துக் கட்டியது போல, குளிரிலிருந்து தப்புவதற்கு அவர்கள் எல்லோரையும் எல்லாவற்றையும் ஒன்றாக நெருக்கிக் கட்டினார்கள். சிறிய யன்னல்கள், தலை முட்டும் வாசல்கள், தாழ்ந்த கூரைத்தட்டு எல்லாவற்றுக்கும் காரணம் இதுவே. சூடு வெளியே போகக்கூடாது.

இந்த வீட்டைக் கட்டிய பேர்ட் குடும்பத்தின் வழிவந்தவர்களே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இதை வைத்திருந்தார்கள். 1848 ஆம் ஆண்டில் அவர்கள் வீட்டின் ஒரு பகுதியை மதுச்சாலையாக மாற்றினார்கள். அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான லோலா ராப்ளின் என்ற மாது பல வருடங்கள் தனியாகவே இதனை நடத்தினார். 1977 இல் அவர் இறந்தபோது, வீட்டையும் அதிலிருந்த பொருட்களையும் நஷனல் ட்ரஸ்ட் என்ற மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டுச் சென்றார். இன்றும் இது பப்பாகவே இயங்குகின்றது.

மரத்தாலான எலும்புக்கூடு

இத்தகைய வீடுகளில் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. முழுப் பாரத்தையும் தாங்குவது ஓக் மரத்தாலான சட்டகமே. தச்சர்கள் மரத்தை வெட்டிக் காயவிடாமற் பச்சையாகவே எடுத்துக்கொள்வார்கள். பச்சை ஓக் உளிக்கு இணங்கும். காய்ந்த ஓக் இரும்பைப் போல் இறுகிவிடும். ஒரு மரத்தின் நுனியிற் கழுந்து செதுக்கி, மற்ற மரத்திற் துளை குடைந்து, இரண்டையும் பொருத்தி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவார்கள். இரும்பாணி பெரும்பாலும் இல்லை.

சட்டகத்தை முதலில் தச்சரின் பட்டறை முற்றத்தில் நிலத்திற் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காக ஒவ்வொரு பொருத்திலும் உரோம இலக்கங்களைப் போன்ற கீறல்களை இடுவார்கள். பின்னர் கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய் அயலவரின் உதவியுடன் நிமிர்த்துவார்கள். கூர்ந்து பார்த்தால் இந்தக் கீறல்களைப் பழைய பப்புகளின் தீராந்திகளில் இன்றும் காணலாம்.

சட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பியது எமக்கு நன்கு பழக்கமான பொருள்தான். வரிச்சுத் தடிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் மாட்டுச் சாணமும் குழைத்து இரு புறமும் அப்பினார்கள். மேலே சுண்ணாம்பு பூசினார்கள். எமது மண்வீடுகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஈரம் சுவரினுள் நுழைந்தாலும் சுண்ணாம்பின் ஊடாக வெளியேறிவிடும் என்பது இந்த முறையின் நன்மை. 20 ஆம் நூற்றாண்டில் பலர் பழைய சுவர்களுக்குச் சீமெந்து பூசினார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு, நூற்றாண்டுகளாக நின்ற மரங்கள் உக்கத் தொடங்கின. இப்போது பழைய கட்டடங்களைத் திருத்துபவர்கள் சீமெந்தை உரித்தெடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பையே பூசுகிறார்கள்.

இந்த வீடுகள் கோணலாக இருப்பதற்கும் பச்சை ஓக்கே காரணம். மரம் நின்ற நிலையிலேயே காய்ந்து, முறுகி, வளைந்தது. வீடும் அதனுடன் சேர்ந்து வளைந்தது. கழுந்துகள் இறுகிவிட்டதால் வளைந்தாலும் விழவில்லை. கறுப்பு வெள்ளை நிறம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலப் பழைமையின் அடையாளமாக நாட்காட்டிகளில் வரும் அந்தக் கரிய நிறம் பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டிற் பரவிய வழக்கம். அதற்கு முன்னர் ஓக் மரத்தைப் பூச்சில்லாமலே விட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் நரைத்து வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும்.

அடுப்படி

மிகப் பழைய ஆங்கில வீடுகளிற் புகைபோக்கி கிடையாது. வீட்டின் நடுக்கூடத்தில் நிலத்திலேயே நெருப்பு எரியும். புகை மேலெழுந்து கூரையினூடாக வழி தேடிக்கொள்ளும். அக்காலத்துப் புகைக்கரி படிந்த கைமரங்கள் சில வீடுகளின் முகட்டில் இன்னும் இருக்கின்றன. 16 ஆம், 17 ஆம் நூற்றாண்டுகளிற் செங்கல்லாலும் கல்லாலும் புகைபோக்கி கட்டும் வழக்கம் சாதாரண வீடுகளுக்கும் பரவியது. புகை ஒரு குழாயினூடாகப் போகத் தொடங்கியதும் கூடத்தின் மேல் தட்டு அடித்து மாடி அறைகளை அமைக்க முடிந்தது. பப்புகளில் நாம் காணும் தாழ்ந்த தீராந்திகளும் பெரிய அடுப்பும் இவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்து வந்தவை. ஆள் உள்ளே சென்று அமரக்கூடிய அளவுக்கு அகன்ற அந்த அடுப்பில்தான் சமையலும் நடந்தது. அதனருகே உயர்ந்த முதுகுடைய மர வாங்கு போடப்பட்டிருக்கும். கதவிடுக்கால் வரும் குளிர்காற்று முதுகிற் படாமல் தடுப்பதற்காகவே அந்த முதுகு அவ்வளவு உயரம்.

ஃபிளீஸ் இன்னின் அடுப்புகளுக்கு முன்னால் கற்றரையில் வெள்ளை வட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. புகைபோக்கி வழியாகச் சூனியக்காரிகள் இறங்கி வராமல் இருப்பதற்காக அந்நாளில் இட்ட காப்பு இது. அழிய அழிய மறுபடியும் வரைந்து அந்த வழக்கத்தைப் பேணி வந்திருக்கிறார்கள். கட்டி முடியாத வீட்டுக்கு முன்னால் வெருளி கட்டித் தொங்கவிட்ட எம்மவர் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இங்குள்ள அறைகளின் பெயர்களும் வீட்டின் பழைய வாழ்வைச் சொல்பவை. ஒன்றின் பெயர் 'புரூஹவுஸ்', அதாவது பியர் வடிக்கும் இடம். இன்னொன்றின் பெயர் 'பியூற்றர் அறை'. பியூற்றர் என்பது வெள்ளீயக் கலப்பு உலோகம். 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய தட்டுகளும் பாத்திரங்களும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

வீடு கடையான கதை

முன்னாளில் இங்கிலாந்தில் 'ஏல்' எனப்படும் பானத்தை வடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்கென்று வடித்தது மிஞ்சினால் வாசலில் ஒரு கழியை நாட்டி, அதிற் குழையைக் கட்டிவிடுவார்கள். ஏல் உண்டு என்பதற்கு அதுவே அறிவித்தல். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவாயிருந்த காலத்தில் அடையாளமே பெயராயிற்று. இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், 1393 இல், இலண்டனில் ஏல் விற்போர் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பப்புகளின் முன்னால் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் ஓவியப் பலகைகளின் வரலாறு அவ்வளவு நீண்டது. 1552 இல் மதுச்சாலை நடத்துவதற்கு நீதவான்களின் அனுமதி தேவை என்ற சட்டமும் வந்து சேர்ந்தது.

ஏல் விற்ற வீடு ஒரு வகை. பயணிகள் குதிரையுடன் தங்கிச் செல்லும் 'இன்' என்னும் சத்திரம் இன்னொரு வகை. சத்திரங்களைப் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே கட்டினார்கள். சமர்செற் மாவட்டத்தில் நோர்ட்டன் சென் பிலிப் என்னும் ஊரிலுள்ள 'ஜோர்ஜ் இன்' இதற்கு நல்ல உதாரணம். ஹின்ரன் மடத்துத் துறவிகள் கம்பளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகளுக்காகக் கட்டியது அது. கீழ்த்தளம் கல்லாலும் மேலிரு தளங்கள் மரச்சட்டத்தாலும் அமைந்தவை. ஒவ்வொரு தளமும் கீழுள்ளதைவிடத் தெருப்பக்கம் சற்று நீட்டி நிற்கின்றது.

1830 ஆம் ஆண்டின் பியர்ச் சட்டத்தோடு நிலைமை மாறியது. வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டி அனுமதிப்பத்திரம் பெற்றுத் தன் வீட்டில் பியர் விற்கலாம் என்றாயிற்று. ஆயிரக்கணக்கான வீடுகளின் முன்னறைகள் கடைகளாயின. முதலில் விற்பனை மேசை எதுவும் இருக்கவில்லை. கேட்டவருக்குப் பின்னறையிலிருந்தோ நிலவறையிலிருந்தோ குடத்தில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிலவறைப் பீப்பாயிலிருந்து பியரை மேலே இழுக்கும் கைப்பம்பிக்கு ஜோசப் பிராமா என்பவர் 1797 இல் காப்புரிமை பெற்றிருந்தார். அந்தப் பம்பிகள் பரவியபோதுதான் அவற்றைப் பொருத்துவதற்கு நீண்ட மேசை வந்தது. பப் என்றதும் எம் கண்முன் நிற்கும் அந்த 'பார்', கட்டடத்தோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது.

கதவுகளும் பிரிவுகளும்

பொது வீடு என்று பெயர் இருந்தாலும் எல்லோரும் ஒரே அறையில் இருந்ததில்லை. 19 ஆம் நூற்றாண்டில் பப்புகளின் உட்புறம் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. தொழிலாளிக்கு 'பப்ளிக் பார்'. அங்கே வெறும் மரத்தரையும் வாங்கும் இருக்கும். வசதியுள்ளவருக்கு 'சலூன் பார்'. அங்கே கம்பளமும் மெத்தை வைத்த கதிரையும் இருக்கும். விலையும் சற்றுக் கூட. தனிமை விரும்பியோருக்கும் பெண்களுக்கும் 'ஸ்னக்' என்ற சிற்றறை. தெருவிலிருந்தே வெவ்வேறு கதவுகள். பல பழைய பப்புகளின் முன்புறத்தில் இரண்டு மூன்று வாசல்களையும், கதவுக் கண்ணாடியில் அறையின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் இன்றும் காணலாம்.

இந்த நாட்டில் எம்மைப் போன்ற நிறத்தவருக்கு ஒரு காலத்தில் வேறு ஒரு பிரிவும் இருந்தது. 1960 களில் பேர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள சிமெதிக் நகரில், சில பப்புகளின் சில அறைகளிற் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் அனுமதிப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் 1965 பெப்ரவரியில் அந்நகருக்கு வந்து இந்த நிறத்தடையை உலகுக்குக் காட்டினார். அங்கு வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்களும் இதற்கு எதிராகப் போராடினார்கள். அவ்வருடம் நிறைவேறிய இனத் தொடர்புச் சட்டம் பப் முதலான பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஆளை விலக்குவதைச் சட்டவிரோதமாக்கியது. எமது ஊரின் தேநீர்க் கடைகளில் சிலருக்கு மட்டும் தனிப் பேணியும் போத்தலும் வைத்திருந்த காலமும், 1960 களின் பிற்பகுதியில் அக்கடைகளுக்குள் நுழைவதற்கு நடந்த போராட்டங்களும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். யார் உள்ளே வரலாம், எங்கே அமரலாம் என்ற தீர்ப்பைக் கட்டடத்தின் வாசலிலேயே எழுதிவைத்த பழக்கம் ஆங்கிலேயருக்கு மாத்திரம் உரியதன்று.

நெருப்பும் சட்டமும்

2004 பெப்ரவரியில் ஃபிளீஸ் இன்னின் வைக்கோற் கூரையிற் தீப்பிடித்தது. கூரையும் மேற்பகுதியும் பெருஞ்சேதமடைந்தன. ஆனால் உள்ளிருந்த பியூற்றர்ப் பாத்திரங்களும் பழைய மரத் தளபாடங்களும் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டன. பழைய முறையிலேயே திருத்தி, 2005 ஜூனில் மறுபடியும் திறந்தார்கள்.

எல்லாப் பப்புகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. ஸ்ரபோர்ட்ஷயரில் ஹிம்லி என்னும் இடத்தில் 'குறுக்கட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு, என்று ஒரு பப் இருந்தது. 1765 இல் கமக்கார வீடாகக் கட்டப்பட்டது. கீழே நிலக்கரி தோண்டியதால் நிலம் தாழ்ந்து, வீட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறத்தாழ நான்கு அடி கீழிறங்கி நின்றது. அதைப் பார்ப்பதற்கென்றே தூர இடங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். 2023 ஓகஸ்ட் 5 ஆம் திகதி இரவு அது எரிந்தது. இரண்டு நாட்களில் அனுமதி எதுவும் பெறாமல் முற்றாக இடித்துத் தள்ளப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது அப்போது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. 2024 பெப்ரவரியில் உள்ளூராட்சிச் சபை அதை முன்னிருந்தபடியே கட்டித்தர வேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டளை பிறப்பித்தது.

இப்படி ஒரு கட்டளை வெறும் காகிதமாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். இலண்டன் மெய்டா வேல் பகுதியில் 1920 களின் ஆரம்பத்தில் கட்டப்பட்ட 'கார்ல்ற்றன் ரவேர்ன்' என்ற பப், பட்டியலிற் சேர்ப்பது பற்றி ஆராயப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடிக்கப்பட்டது. அயலில் வசித்த மக்கள் விடவில்லை. கல்லுக்குக் கல் முன்னிருந்தது போலவே கட்ட வேண்டும் என்று வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபை கட்டளையிட்டது. மேன்முறையீட்டிலும் அது உறுதிப்படுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் அதே இடத்தில் அதே தோற்றத்துடன் அது திறக்கப்பட்டது. இது சாத்தியமானதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. இடிப்பதற்கு முன்னரே அந்தக் கட்டடத்தின் உள்ளும் புறமும் விபரமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தன. எது எங்கே எப்படி இருந்தது என்று எவரும் மறுத்துச் சொல்ல முடியாத சான்று கையில் இருந்தது.

எரிந்ததை மீளக் கட்டுவது என்றால் என்ன என்பது எமக்கும் தெரியும். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகக் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழும்பி 2003 இல் திறக்கப்பட்டது. அதனுள்ளிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களில், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவில்லை. கட்டடத்தை வரைபடத்தைக் கொண்டு கட்டலாம். பிரதி எடுத்துவைக்காத ஏட்டை எதைக் கொண்டும் எழுத முடியாது.

போய்ப் பார்ப்பவர்களுக்கு

இலண்டனில் இருப்பவர்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. இலண்டன் பிறிட்ஜ் நிலையத்துக்கு அருகே சதர்க்கில் 'ஜோர்ஜ் இன்' என்ற மற்றொரு சத்திரம் நிற்கின்றது. 1676 இல் சதர்க் எரிந்தபின் மீளக் கட்டப்பட்டது. முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு அடுக்கு மர விறாந்தைகள். இலண்டனில் எஞ்சியிருக்கும் இவ்வகைச் சத்திரம் இது ஒன்றே. முன்பு முற்றத்தைச் சுற்றி நின்ற மற்றைய பகுதிகளை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புகையிரதக் கம்பனி இடித்துவிட்டது. எஞ்சிய பகுதி 1937 முதல் நஷனல் ட்ரஸ்ட்டின் பொறுப்பில் உள்ளது.

பகல் வேளையிற் செல்லுங்கள். பெரியவர்களுடன் வரும் பிள்ளைகளை அனுமதிக்கும் பப்புகள் பல உள்ளன. முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. மதுதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேநீரோ தோடம்பழச் சாறோ வாங்கிக்கொண்டு ஓரிடத்தில் அமர்ந்து பிள்ளைகளிடம் கேளுங்கள்: கூரையைத் தாங்குவது சுவரா மரமா? தீராந்தியில் தச்சர் இட்ட கீறல் தெரிகிறதா? அடுப்பு எவ்வளவு அகலம்? தெருவில் எத்தனை வாசல்கள்? எந்த வாசல் யாருக்காக இருந்திருக்கும்? பாடசாலையில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல பாடம்.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை செய்யலாம். தாத்தா, அம்மம்மா, அப்பம்மா எவராவது உங்களுடன் இருந்தால், விட்டுவந்த வீட்டை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். விறாந்தை எந்தத் திசை, குசினி எங்கே, கிணறு எத்தனை பாகம், தீராந்திக்கு எந்த மரம், யார் வந்தால் திண்ணையோடு நின்றார்கள், யார் உள்ளே வந்தார்கள் என்பவற்றையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். திகதியும் இடுங்கள். இருக்கும் புகைப்படங்களைப் பிரதி எடுத்து, உறவினர் இருவர் மூவரிடமாவது கொடுத்து வையுங்கள். பல வீடுகள் இன்று இல்லை. இருப்பவையும் அடையாளம் மாறிவிட்டன. நினைவு வைத்திருப்பவர்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த கோடை விடுமுறைவரை பொறுத்திராமல், வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.